கடல் நடுவே ஒரு சரஸ்வதி: சித்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்திக்கு,

போன விஜயதசமி அன்று போனில் கேட்டீர்களே, "ஜப்பான்ல நம்ம சரஸ்வதிக்குக் கோயில் இருக்காமே, போய்ப் பார்த்தியா?" என்று. இங்கே வந்து நாலு வருடமாகியும் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது. வருடம் தவறாமல் வீணை வகுப்புப் பிள்ளைகளைக் கூத்தனூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர் நீங்கள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை போய்விட்டு வந்தேன். அடுத்த கேள்வியும் தெரியும்: "தனியாவா போன?" ஆமாம் சித்தி, தனியாகத்தான். காலை ஏழரைக்குக் கிளம்பினேன், இரவு எட்டுக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டேன். "யாராவது துணைக்கு வந்தா போகலாம்" என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பயணங்களை நீங்கள் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். உங்களைப் போல இன்னும் பல பேர் இருப்பார்கள். அதனால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் போன ஊர் கமகுரா. மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். 12ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1333 வரை ஜப்பானை ஆண்ட போர்வீரர்களின் தலைநகரம். என் வீட்டுப் பக்கம் முசாஷி கொசுகியில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் கிட்டா கமகுரா வந்துவிடும். மாற வேண்டியதே இல்லை, ஒரே ரயில்.

ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் எங்காகுஜி கோயிலின் படிகள். தண்டவாளமே கோயில் நிலத்துக்குள் புகுந்துதான் போகிறது. 1274இலும் 1281இலும் மங்கோலியப் படைகள் ஜப்பான் மேல் கடல் வழியாக வந்தன. இரண்டு முறையும் தடுத்து நின்ற அன்றைய ஆட்சித் தலைவர் ஹோஜோ தொக்கிமுனே, போரில் இறந்தவர்களுக்காக 1282இல் இந்தக் கோயிலைக் கட்டினார். தன் பக்கம் இறந்தவர்களுக்கு மட்டுமில்லை, எதிரிப் படையில் வந்து இறந்தவர்களுக்கும் சேர்த்து. தேவதாரு மரங்களுக்கு நடுவில் குளிர் எலும்பைக் குத்திக்கொண்டிருந்தது. அந்த நேரத்துக்கு அங்கே நான்கைந்து பேருக்கு மேல் இல்லை. தூபக்கல்லில் ஒரே ஒரு ஊதுவத்தி எரிந்துகொண்டிருந்தது. கை தானாகக் குவிந்தது.

கோயிலின் பெரிய மணி ஒரு குன்றின் மேல் இருக்கிறது. மூச்சு வாங்க வைக்கும் படிகள், நிதானமாக ஏறினால் போதும். 1301இல் தொக்கிமுனேயின் மகன் சதாதொக்கி வார்த்த மணி அது, என்னை விட உயரம். வார்ப்பு திரும்பத் திரும்பத் தோற்றுப்போக, அவர் எனோஷிமா தீவுக்குப் போய் அங்கிருக்கும் பெண் தெய்வத்தை வேண்டினாராம். அதற்குப் பிறகுதான் மணி கூடிவந்ததாம். அந்த நன்றிக்கு மணிக்குப் பக்கத்திலேயே அவளுக்கு ஒரு சின்னச் சன்னதி. அவள் பெயர் பென்சாய்தென். நம் சரஸ்வதிதான் சித்தி! அவளைத் தேடித் தீவுக்குப் போகக் கிளம்பினேன், முதல் கோயிலிலேயே வந்து நிற்கிறாள். மணிக்கும் அவளுக்குமாக 60 வருடத்துக்கு ஒருமுறை திருவிழா நடக்குமாம், கடைசியாக 2023இல் நடந்திருக்கிறது. பிரபவ, விபவ என்று நாம் எண்ணும் அதே அறுபது.

சன்னதிக்கு முன்னால் நின்றால் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் தோக்கேஜி தெரியும். அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தொக்கிமுனே இறந்தபின் அவர் மனைவி காகுசான் துறவியாகி 1285இல் தொடங்கிய பெண் மடம் அது. எடோ காலத்து (1603–1868) ஜப்பானில் விவாகரத்துக் கடிதம் கணவன்தான் எழுத முடியும். மூன்றரை வரிக் கடிதம், அதற்குப் பெயரே 'மூன்றரை வரி'. மனைவிக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் எப்படியாவது இந்த மடத்துக்கு ஓடிவந்து சேர்ந்துவிட்டால் கதை மாறும். மடத்தார் கணவனை அழைத்துப் பேசுவார்கள். அவன் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவள் இரண்டு வருடம் போல மடத்தில் இருப்பாள், அப்புறம் அவன் கடிதம் எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும். துரத்தி வருகிறவன் கை எட்டும் தூரத்தில் இருந்தால், காலில் கிடக்கும் செருப்பைக் கழற்றி வாசலுக்குள் வீசினாலே போதும், உள்ளே வந்ததாகக் கணக்கு என்பார்கள். அடுத்து வந்த மெய்ஜி பேரரசர் காலத்தில் அந்த உரிமை முடிவுக்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே ஆண் துறவிகள்தான்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். கோட்டை வாசல் மாதிரி எதையோ நினைத்துக்கொண்டு போனேன். கூரை வேய்ந்த சின்ன வாசல் சித்தி, நம் பழைய வீட்டுத் திண்ணை வாசல் அளவுதான். அதற்கு ஏறும் கல்படிகளின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருக்கிறது. ஒரு படியில் குனிந்து அந்தக் குழியைத் தொட்டுப் பார்த்தேன், ராத்திரிப் பனி ஈரம் இன்னும் இருந்தது. உள்ளே உமே என்ற ஜப்பானியப் பிளம் மரங்கள் பூத்திருந்தன, இலை ஒன்றுகூட இல்லாமல் கறுத்த கிளையில் வெள்ளைப் பூ. படம் எடுக்க அங்கே அனுமதியில்லை. அதனால் எழுதித்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

அந்த வாசலில் எனக்கு ஞாபகம் வந்தது உங்கள் கூடம். நான் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது ஒரு அக்கா வருவார்களே, வீணை எடுக்காமல் சுவரில் சாய்ந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். நீங்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எங்களுக்கு வரிசை சொல்லிக்கொடுத்துக்கொண்டே அவர்களுக்குக் காபி கொண்டுவந்து வைப்பீர்கள். பாடம் படிக்காதவரிடம் ஏன் நீங்கள் எதுவும் சொல்வதில்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அங்கிருந்து காட்டுப்பாதையில் நடந்தேன். வேர்களும் சேறுமாக ஏற்ற இறக்கமான வழி. வழியில் ஜெனிஅராய் பென்தென் என்ற கோயில். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக உள்ளே போனால் ஒரு முற்றம், ஓரத்தில் ஒரு குகை, அதில் ஊற்று. இங்கேயும் அவள்தான். பாம்பு வருடத்தில், பாம்பு மாதத்தில், பாம்பு நாளில், அதாவது 1185இல், யோரிதோமோ என்ற தலைவர் கண்ட கனவில் இந்த ஊற்று தெரிந்ததாகச் சொல்கிறார்கள். ஊற்று நீரில் பணத்தைக் கழுவினால் பெருகும் என்று நம்பிக்கை. ஜப்பானில் அவள் பெயரை முதலில் 'திறமை' என்ற பொருள் வரும் எழுத்தில் எழுதினார்கள், பிறகு அதே ஓசை கொண்ட 'செல்வம்' என்ற எழுத்தும் வந்து சேர்ந்தது. நம் ஊரில் சரஸ்வதி இருக்கும் இடத்தில் லட்சுமி தங்கமாட்டாள் என்பார்கள். இங்கே இரண்டு பேர் வேலையையும் ஒருத்தியே பார்க்கிறாள்.

மூங்கில் கூடையில் ஒரு ஆயிரம் யென் நோட்டை வைத்தேன். கூடவே நான் கிளம்பும்போது நீங்கள் கையில் வைத்து அழுத்திய பத்து ரூபாய் நோட்டையும் வைத்தேன். நாலு வருடமாக என் பர்ஸின் உள்ளறையில் இருப்பது. அகப்பையால் மூன்று தடவை தண்ணீர் ஊற்றினேன். மடிப்பு விழுந்த இடம் கிழிந்துவிடுமோ என்று பயம். கைக்குட்டைக்குள் வைத்து மெதுவாக ஒற்றி எடுத்தேன். பக்கத்தில் நின்ற பாட்டியம்மா அதில் இருந்த காந்தி படத்தைப் பார்த்து, "இந்தோ?" என்று கேட்டுத் தலையாட்டினார். இந்தியா என்றுதான் கேட்டார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

பாதை முடியும் இடத்தில் பெரிய புத்தர். 1252இல் வேலை தொடங்கியது, 11 மீட்டருக்கு மேல் உயரம், 121 டன் வெண்கலம். அவருக்கு மண்டபம் இருந்தது, புயலும் கடலும் கொண்டுபோய்விட்டன. ஐந்நூறு வருடத்துக்கும் மேலாக வெயிலிலும் மழையிலும் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார். கண்ணை விட்டுக் கீழே வழிந்த பச்சைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். சுற்றுச்சுவர்ப் பக்கம் இரண்டு பெரிய வைக்கோல் செருப்புகள் தொங்குகின்றன, ஒவ்வொன்றும் ஆள் உயரம். போர் முடிந்து நாடு நொடிந்து கிடந்த 1951இல் இபராக்கி பகுதிக் கிராமத்துப் பிள்ளைகள் பின்னிக் கொடுத்த வழக்கம் அது. புத்தர் இதைப் போட்டுக்கொண்டு ஜப்பான் முழுக்க நடந்து எல்லாருக்கும் நல்லது செய்யட்டும் என்று. காலையில் பெண்கள் வீசிய செருப்பு, மத்தியானம் பிள்ளைகள் பின்னிய செருப்பு.

அதே 1951 சம்பந்தமாக அங்கே ஒரு கல்லும் இருக்கிறது. அந்த வருடம் செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சமாதான மாநாட்டில், சிலோனின் பிரதிநிதியாகப் போன ஜே.ஆர். ஜயவர்தன, ஜப்பானிடம் போர் இழப்பீடு கேட்கமாட்டோம் என்றார். பகை பகையால் தீராது, அன்பால்தான் தீரும் என்ற புத்தர் வாக்கை எடுத்துச் சொன்னார். ஜப்பானியர்கள் அதை மறக்கவில்லை, 1991இல் அவருக்கு இங்கே நினைவுக்கல் வைத்தார்கள். அவர் ஜனாதிபதியாக இருந்த 1983 ஜூலையில்தான் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்தக் கல் முன்னால் நிற்கும் தமிழர் யாருக்கும் இரண்டும் சேர்ந்துதான் ஞாபகம் வரும். வாசகத்தை இரண்டு முறை படித்தேன், அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனாலும் காலையில் எங்காகுஜியில் தானாகக் குவிந்த கை இங்கே குவியவில்லை சித்தி.

அடுத்து ஹாசெதேரா கோயிலில் பதினோரு முகக் கண்ணோனைப் பார்த்தேன். ஒன்பது மீட்டர் மரச்சிலை, பௌத்தர்களின் கருணைத் தெய்வமான நம் அவலோகிதேஸ்வரர். வெளியே, பிறக்காமலே போன பிள்ளைகளுக்காகப் பெற்றவர்கள் வைத்த சின்னச் சின்னக் கற்சிலைகள் வரிசை வரிசையாக. அங்கே என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

அப்புறம் எனோடென். வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகும் ஒற்றைத் தண்டவாள ரயில். கொடியில் காயும் துணியைக் கைநீட்டித் தொடலாம் போல இருக்கும். இனாமுராகசாக்கி தாண்டியதும் சட்டென்று இடது பக்கம் முழுக்கக் கடல். பெட்டியில் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். ஷிச்சிரிகஹாமா கடற்கரையில் இறங்கிக் கறுப்பு மணலில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையைப் பிரித்தேன். மேலே பருந்துகள் வட்டம் போட்டன. கழுத்தில் காமிரா மாட்டிய ஒருவர் கையில் இருந்த ரொட்டியை ஒரு பருந்து பின்னாலிருந்து வந்து கொத்திக்கொண்டு போனது, சிறகடித்த காற்று என் முகத்தில் பட்டது. நான் டப்பாவை மடிக்குள் இழுத்து மூடி, வாய் வாயாக எடுத்துச் சாப்பிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

எனோஷிமாவுக்குப் பாலத்தில் நடந்தே போய்விடலாம். தீவின் கோயிலில் இன்றைக்கு, ஜப்பானின் சொந்தச் சமயமான ஷிந்தோவின் மூன்று பெண் தெய்வங்கள். 1868இல் அரசு ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது ஏற்பட்ட மாற்றம் அது. அதற்கு முன் நூற்றாண்டுகளாகத் தீவு முழுக்கப் பென்சாய்தென்னுடையது. ஆனாலும் அவள் போய்விடவில்லை, எண்கோண வடிவத்தில் ஒரு சன்னதியில் இருக்கிறாள். படியேறும் வழியில் ஒரு கல் உண்டு. சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்ற அக்குபங்சர் (ஊசி குத்தும்) மருத்துவர் 17ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து வேண்டிக்கொண்டு திரும்பும்போது அந்தக் கல்லில் தடுக்கி விழுந்தாராம். கையில் குத்தியது குழல் மாதிரி சுருண்ட இலைக்குள் இருந்த ஒரு பைன் ஊசி. ஊசியைக் குழலுக்குள் விட்டு வலிக்காமல் குத்தும் முறை அவருக்கு அப்படித்தான் கிடைத்தது என்பார்கள். அவர் கல்லறையும் இந்தத் தீவில்தான்.

சன்னதிக்குள் இரண்டு சரஸ்வதிகள். ஒருத்தி எட்டுக் கைகளில் ஆயுதம் தாங்கியவள். சுவர்ணபிரபாச சூத்திரம் என்ற பௌத்த நூலோடு, ஆயிரத்து இருநூறு வருடத்துக்கும் முன்னால் சீனா வழியாக வந்த உருவம் அது. இன்னொருத்திதான் நீங்கள் கேட்டவள். வெள்ளை மேனி, உடை கிடையாது, ஒரு காலை மடித்து உட்கார்ந்து மடியில் பிவாவை அணைத்திருக்கிறாள். பிவா நான்கு தந்தி வாத்தியம், வயிறு பேரிக்காய் மாதிரி இருக்கும், கழுத்தின் நுனி பின்னால் மடங்கியிருக்கும். குடம் இல்லை, யாளி முகம் இல்லை. ஆனால் இடது கை விரல்களைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அழுத்தாமல், விடாமல், தந்தி மேல் இலேசாக வைத்திருக்கும் விரல். "பிடிக்காதே, வை" என்று என் கையைத் தட்டித் தட்டி நீங்கள் சொல்வீர்களே, அந்த விரல். உங்கள் பெயரைச் சொல்லி ஒரு நமஸ்காரம் செய்தேன்.

நதியாகத் தொடங்கியவள் என்பதால் இங்கே அவளை எப்போதும் தண்ணீர்ப் பக்கம்தான் வைத்திருக்கிறார்கள். ஊற்று, குளம், தீவு. வெளியே வந்தபோது ஐந்து மணி தாண்டியிருந்தது. மேற்கே ஃபூஜி மலைக்குப் பக்கத்தில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பாறையில் ஒரு அம்மா, உங்கள் வயதுதான் இருக்கும், தனியாக உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் காத்திருக்கிற மாதிரி தெரியவில்லை.

திரும்பும்போது தொங்கும் மோனோ ரயிலில் ஓஃபுனா, அங்கிருந்து பழையபடி அதே ரயில்.

சித்தி, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அடுத்த பிப்ரவரிக்கு வந்தால் உமே பூத்திருக்கும். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், புளியோதரை நான் கட்டித் தருகிறேன். கடைச் சூப்பில் மீன் சாறு இருக்கும், அதைத் தொட வேண்டாம். முதல் நாள் நான் கூட வந்து எல்லாம் காட்டுகிறேன். இரண்டாவது நாள் ரயில் அட்டையைக் கையில் கொடுத்து முசாஷி கொசுகி பிளாட்பாரத்தில் விட்டுவிடுவேன். மாற வேண்டியதில்லை, ஒரே ரயில். எங்காகுஜியில் பெரிய மணிக்குப் போகும் படியை மெதுவாக ஏறுங்கள். அந்தப் பத்து ரூபாய் நோட்டு பத்திரமாக இருக்கிறது, இந்தத் தடவை நீங்கள் கழுவுங்கள்.

அன்புடன்,
உங்கள் சின்னக்குட்டி