என்னை எழுப்பாமல் விட்டவருக்கு

எங்கள் ஊர் மக்களுக்கும், என்னை நம்பிக் காபிப் பழம் தந்த 11 தோட்டத்துக் குடும்பங்களுக்கும், பொறுமையாகக் காத்திருந்த வாடிக்கையாளர்களுக்கும் வணக்கம்.

விடாமல் மழை பெய்த அந்த ஆறு நாட்களைப் பற்றி இங்கே விரித்து எழுதப் போவதில்லை. இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் அதே மழையில் நனைந்தவர்கள். சாலை எந்த வளைவில் சரிந்தது, எத்தனை நாள் விளக்கு எரியவில்லை என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வெளியூரில் இருப்பவர்களுக்கு அப்போதே செய்தி சொல்லியிருந்தேன். நேற்று மாலை கடைசி உலர்த்தும் தட்டில் கிடந்த காபியின் ஈரம் 10 சதவீதத்துக்கு இறங்கியதும் மூட்டையைத் தைத்து முடித்தோம். இரண்டு நாள் ஆறப்போட்டு எழுதினால் இந்த மடல் இஸ்திரி போட்ட சட்டை போல விறைப்பாக வந்துவிடும் என்பதால், கையில் சாக்கு நூலின் கீறல் ஆறுவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். சரிந்த மண்ணின் மேல் பலகை போட்டு, மூட்டைகளைத் தலையில் ஏற்றி அக்கரை சேர்த்த இளைஞர்கள். இரவு பகல் பாராமல் மண் அள்ளிய சாலைப் பணியாளர்கள். மழைக்கோட்டு கூட இல்லாமல் கம்பத்தில் ஏறிய மின் ஊழியர்கள். திருமணத்துக்கு வைத்திருந்த தார்ப்பாய்களை அவிழ்த்துத் தந்த பந்தல்காரர். காபியை உலர்த்தத் தம் கூடத்தைத் திறந்துவிட்டு வாடகை பேச மறுத்தவர். பெரும்பாறை வழியே பேருந்து மறுபடி ஓடிய முதல் நாளிலேயே என் பெட்டிகளைத் தம் இருக்கைக்கு அடியில் வைத்து வத்தலக்குண்டு வரை கொண்டுபோன நடத்துநர். "அவசரமில்லை, காய்ந்த பிறகு அனுப்புங்கள்" என்று ஒருவரி எழுதிய அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். இப்படி எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லைதான். ஆனாலும் நீங்கள் செய்ததை ஊரே பார்த்தது. யாரும் பார்க்காத ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடலின் பெரும்பகுதி எனக்கு வேண்டும்.

காபியைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பறித்த அன்றே பழத்தின் தோலை நீக்கி, ஒன்றரை நாள் புளிக்கவிட்டு, கழுவி எடுக்கும் கொட்டையின் மேல் இன்னும் ஓர் உறை இருக்கும். அந்த உறையோடு காய்வதைத்தான் பார்ச்மென்ட் என்கிறோம். கழுவி எடுத்த நேரத்தில் அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். வெயில் இருந்தால் களத்தில் மெல்லப் பரப்பி, அவ்வப்போது கிளறிவிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் காயவைத்துவிடலாம். வெயில் இல்லாவிட்டால் கூரைக்கு அடியில் பரப்பி, இரவிலும் மணிக்கு ஒருமுறை கிளற வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் கிடந்தால் அடியில் சூடு பிடிக்கும், பிறகு பூசணம். ஒருமுறை ஏறிய பூசண வாடையை எந்த வறுவலாலும் மறைக்க முடியாது. ஏறக்குறைய 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ சுத்தமான காபிதான் தேறும் என்பதால், கெட்டுப்போகும் ஒவ்வொரு கிலோவுக்குப் பின்னாலும் ஆறு கிலோவைப் பறித்த விரல்கள் இருக்கின்றன.

அந்த வாரம் என்னிடம் தட்டுகள் தாங்குவதற்கு மேல் பழம் இருந்தது. அது மழையின் குற்றமன்று, என் பேராசை. 1,200 கிலோவை ஒரே நாளில் வாங்கியவள் நான்தான். எங்கள் தாத்தா காலத்தில் வெளியே விற்க முடியாது; விளைச்சலை அரசின் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்த்துவிட்டுத் தவணைப் பணத்துக்குக் காத்திருப்பார்கள். 1996-இல் சந்தை முழுமையாகத் திறந்துவிடப்பட்டதால்தான் என்னைப் போன்ற ஒருத்தி, பட்டிவீரன்பட்டி காபி வியாபாரிகளை எதிர்பார்க்காமல், தன் பெயரிலேயே பொட்டலம் கட்டி விற்க முடிகிறது. அந்தச் சுதந்திரத்தைப் பற்றி மேடையேறிப் பேசியிருக்கிறேன். மழை இறங்கினால் அதை வாங்கிக்கொள்ள என் தலை ஒன்றுதான் இருக்கும் என்பதை மேடையில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாம் இரவு. மணிக்கொருமுறை கைபேசியில் அலாரம் வைத்து எழுந்து, விளக்கைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்து, 22 தட்டுகளையும் தரையில் பரப்பியிருந்ததையும் துழாவு பலகையால் கிளறிவிட்டு, குறிப்பேட்டில் நேரத்தை எழுதிவிட்டுப் படுப்பேன். முந்தைய இரண்டு இரவுகளும் அப்படித்தான் போயின. மூன்றாம் இரவு பத்து மணிக்குக் கிளறிவிட்டுச் சுவரில் சாய்ந்தவள், கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. கைபேசி எப்போதோ உயிர் விட்டிருக்கிறது. எழுந்து உட்கார்ந்த அந்த நொடியை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. எட்டரை மணி நேரம். 11 குடும்பங்களின் பழம்.

முதலில் கவனித்தது, என் கால்களின் மேல் ஒரு காய்ந்த சாக்கு போர்த்தியிருந்ததை. பிறகு தட்டுகளைப் பார்த்தேன். நான் பலகையால் கிளறினால் சீப்பு வாரியது போல நேர்க்கோடுகள் விழும். அன்று காலை ஒவ்வொரு தட்டிலும் நான்கு நான்காக விரல் தடங்கள் இருந்தன, நெல்லைக் கையால் துழாவிவிட்டது போல. காபிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அடி வரை குளிர்ச்சியாக இருந்தது. ஜன்னல் திண்டில் ஏழு காபிப் பழங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. தண்ணீரில் மிதந்ததால் மிதவை என்று கழித்துக் கூடையில் போட்டு வைத்திருந்த பழங்களில் பொறுக்கியவை.

எதிர்வீட்டு ஆத்தாதான். பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முந்தைய இரவுகளில் கூடத்துக்குள் விளக்கு நகர்வதைத் தம் திண்ணையிலிருந்து பார்த்திருக்கிறார், அன்று நகரவில்லை. பொத்தான் போனில் இருக்கும் சின்ன டார்ச்சைத் தலையில் கட்டிய துண்டுக்குள் செருகிக்கொண்டு, மழையில் தெருவைக் கடந்து வந்து பார்த்திருக்கிறார். அதன் பிறகு அந்த எழுபது வயது மனுஷி வீட்டுக்கும் கூடத்துக்குமாக ஏழு தடவை நடந்திருக்கிறார். அடுத்து வருகிறவருக்கு எத்தனை முறை கிளறியாயிற்று என்று தெரிய வேண்டுமே என்பதற்காக, கிளறிய தடவைக்கு ஒரு பழம்.

"ஏன் ஆத்தா என்னை எழுப்பல?" என்று கேட்டேன். "காப்பி கெடந்துச்சு, கெளறிவிட்டேன். நீ கெடந்த, விட்டுட்டேன்" என்றார்.

அந்த ஆறு நாளும் எத்தனையோ பேர் என்னைத் தைரியமாக இருக்கச் சொன்னார்கள், அக்கறையோடுதான். முன்பணம் தந்திருந்த ஒரு வெளியூர் வியாபாரி மட்டும் நாளுக்கு நான்கு முறை அழைத்து, கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கும் அவர் நெருக்கடி இருந்திருக்கும். எல்லோருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆத்தா ஒருவர்தான் என்னிடமிருந்து ஒரு வார்த்தைகூட எதிர்பார்க்காமல், நான் தூங்குவதற்கு இடம் விட்டு, வேலையை மட்டும் எடுத்துக்கொண்டவர்.

அவரை ஏதோ மலையில் வாழும் ஞானி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டிசம்பரிலிருந்து நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் எங்களுக்குப் பழம் பறிப்பவர். கூலி கிலோ கணக்கில். நிறுக்கும்போது கூடைக்காக ஒன்றரை கிலோ கழிப்பது நான் வைத்த விதி, எல்லாக் கூடைக்கும் ஒரே அளவு. "என் கூடை அம்புட்டுக் கனமில்ல பாப்பா" என்று அவர் எத்தனையோ முறை சொன்னார். கடைசியில் தராசடியில் நின்று சத்தம் போட்டார். நானும் பதிலுக்குச் சத்தம் போட்டேன். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆளுக்கொரு கணக்கு வைத்தால் தொழில் நடத்த முடியாது என்று வகுப்பெடுத்தேன். அந்தச் சண்டை முடியாமலேயேதான் அவர் அன்றிரவு தெருவைக் கடந்து வந்தார்.

மழை விட்டதும், ஏழு தடவை கிளறியதற்கு ஓர் இரவுக் கூலியைக் கணக்கிட்டு எடுத்துக்கொண்டு போனேன். என் விலைக் கணக்கில் இரவில் கிளறுவதற்கென்று ஒரு வரியே கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. அதை நானே செய்துவந்ததால் அது செலவாக என் கண்ணில் படவே இல்லை. ஆத்தா பணத்தைத் தொடவில்லை. "இதுக்குக் காசு வாங்குனா நாளைக்கு நீ கூப்புட்டாத்தான் நான் வரணும். இப்பன்னா நெனச்ச நேரம் வருவேன்" என்றார். திரும்பி வரும் வழியில் அவருடைய மூங்கில் கூடை திண்ணையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கேட்காமலேயே எடுத்து வந்து தராசில் வைத்தேன்.

900 கிராம்.

ஆக, அவர் சொன்னதுதான் சரி; ஒவ்வொரு கூடைக்கும் 600 கிராம் கூலியை நான் பிடித்துவைத்திருக்கிறேன். நன்றி மடலில் மன்னிப்புக் கேட்பது முறையா என்று தெரியவில்லை. ஆனால் தராசடியில் நான் சத்தம் போட்டதை ஊரே கேட்டதால், மன்னிப்பையும் ஊருக்கு முன்னால்தான் கேட்க வேண்டும். ஆத்தா, தவறு என்னுடையது. பழம் பறிக்கும் மற்ற எட்டுப் பேரின் கூடைகளையும் நிறுத்துவிட்டோம். மூன்று கூடைகள் மட்டுமே ஒன்றரை கிலோ இருந்தன. நவம்பரிலிருந்து விட்டுப்போன கூலி எல்லோருக்கும் கொடுக்கப்பட்டுவிட்டது. கூடையின் எடையை இனி அதன் பிடியிலேயே வண்ணத்தில் எழுதிவைக்கிறோம். மூங்கில் நனைந்தால் கனக்கும் என்பதால், மழை நாட்களில் மறுபடி நிறுப்போம்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பொட்டலத்தின் பின்புறம் "தனி ஒரு பெண்ணின் உழைப்பில்" என்று அச்சிட்டிருப்பதைப் பலரும் பாராட்டி எழுதியிருக்கிறீர்கள். விற்பனைக்கு அந்த வரி மிகவும் உதவியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒட்டுச்சீட்டு இன்னும் 2,000 கையிருப்பில் இருக்கிறது. தூக்கிப் போட வசதியில்லை. எனவே இனி உங்களுக்கு வரும் பொட்டலங்களில் அந்த வரி மட்டும் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கும். அச்சுப் பிழையோ என்று கேட்டு எழுத வேண்டாம். இரவில் கிளறுவதற்கு அடுத்த பருவத்திலிருந்து கூலிக்கு ஆள் வைக்கப் போவதால் கால் கிலோவுக்குச் சில ரூபாய் கூடும். தட்டுகள் தாங்கும் அளவுக்கு மேல் ஒரு கூடைப் பழமும் வாங்க மாட்டேன் என்று 11 குடும்பங்களிடமும் நேரில் சொல்லியிருக்கிறேன். அன்று பழம் பறித்தாக வேண்டியவர்களுக்கு இது சங்கடம்தான். முறை வைத்து வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

காய்ந்த காபியில் முதல் கைப்பிடியை வறுத்து, டிகாஷன் இறக்கி ஆத்தாவுக்குக் கொண்டுபோனேன். எங்கள் மலையில் நல்ல கொட்டையெல்லாம் கீழே விற்பனைக்குப் போய்விடும். விளைவித்தவர்களும் பறித்தவர்களும் மிதவையையும் உடைசலையும் இடித்து, கருப்பட்டி போட்டுக் குடித்தே பழகியவர்கள். ஆத்தா ஒரு வாய் குடித்துவிட்டு, "கசக்குது. இதையா அம்புட்டு வெலைக்கு வாங்குறாங்க?" என்று டம்ளரைத் தள்ளி வைத்தார்.

பிறகு விட்டுப்போன கூலியைக் கொடுத்தேன். இரவு வேலைக்கான பணத்தைத் தொடாதவர், இதை உடனே வாங்கி இரண்டு முறை எண்ணினார். எத்தனை கூடைக்கு என்று கேட்டார். 54 கூடை, கூடைக்கு 600 கிராம் வீதம் 32 கிலோ 400 கிராம் என்று குறிப்பேட்டைப் பார்த்துச் சொன்னேன். இல்லை, 55 என்றார். உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து, முறத்தில் கவிழ்த்தார். அதற்குள் காய்ந்து கறுத்த காபிப் பழங்கள், பறித்த கூடைக்கு ஒன்றாக. இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். 55 இருந்தன. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால், நான் வத்தலக்குண்டு போயிருந்த ஒரு நாளில் என் தம்பி ஒரு கூடையைப் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறான். மீதி 600 கிராமுக்கான சில்லறை என்னிடம் அப்போது இல்லை. இன்று காலை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நன்றியுடன்,
தாண்டிக்குடி மலைச்சரிவின் களத்துவீட்டிலிருந்து