கோபுரம் மட்டும் போதாது

கைப்பேசி இணைய நெரிசலைக் குறைக்க மேலும் 5ஜி கோபுரங்கள் அமைக்கப்படும் என்ற செய்தி கண்டேன். கோபுரங்களைக் கூட்டினால் மட்டும் நெரிசல் தீராது. அவற்றை நிறுவனத்தின் மைய வலையமைப்போடு பின்னாலிருந்து இணைக்கும் (பின்னிணைப்பு) ஃபைபர் கேபிள்தான் முதல் தேவை. 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில் 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயங்கும் 5ஜி ஆன்டெனா, ஒரு திசைக்கே நொடிக்கு 1 கிகாபிட்டுக்கு மேல் தரவல்லது. கோபுரத்துக்குப் பொதுவாக மூன்று திசைகள். ஆனால், ஃபைபருக்குப் பதில் கம்பியில்லாமல் கோபுரங்களை இணைக்கும் பழைய மைக்ரோவேவ் இணைப்புகள் பலவும் சில நூறு மெகாபிட்டுகளையே சுமக்கும். சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தும் காணொளி நின்று நின்று ஓடுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

களத்தில் இதைக் கண்டறிவது எளிது. ஒரே இடத்தில் இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் அளந்து பார்க்க வேண்டும். சிக்னல் அளவு மாறாமல் வேகம் மட்டும் பல மடங்கு கூடினால், குறை கவரேஜில் இல்லை, நெரிசலில்தான். அந்த நெரிசல் ஆன்டெனாவிலா, பின்னிணைப்பிலா என்று பார்க்காமல் பக்கத்திலேயே இன்னொரு கோபுரம் நிறுவுவது வீண் செலவு. சாலைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டும்போதே உள்ளாட்சி அமைப்புகள் பின்னர் ஃபைபர் கேபிளை நுழைக்க 40 மி.மீ. வெற்றுக் குழாய்களைப் பதித்து, எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வாடகையில் தர வேண்டும்.