மலை ஏற முன் இதை வாசி

அன்புள்ள தம்பி,

ஈஸ்டர் லீவுக்கு வேலையிடத்துப் பெடியளோடு பனிமலை ஏறப் போகிறாய் என்று அக்கா சொன்னா. இங்கே பருத்தித்துறையில் பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது. பனியைக் கண்ணால் காணாதவன்தான் நான். ஆனால் புவியியல் படிப்பித்த பழக்கம் விடவில்லை, தேடித் தேடி வாசித்தேன்.

குளிர் குறைந்தால் பனிச்சரிவு ஆபத்தும் குறையும் என்று நினைக்காதே. வானம் வெளித்திருந்த இரவென்றால் மேல்பனி இறுகி, விடிய ஆளைத் தாங்கும். இரவு முழுக்க முகில் மூடிக் கிடந்தால் அந்த இறுக்கம் வராது. அன்றைக்கு விடியற்காலையையும் நம்பேலாது. வெயில் ஏற ஏற உருகின தண்ணீர் உள்ளே இறங்கும். மாரியில் ஊறின மண்சுவர் மாதிரித்தான், அசையாமல் நின்றுவிட்டு ஒரேயடியாய்ச் சரிந்துவிடும். கிழக்குச் சரிவில் முதலில் வெயில் படும், பிறகு தெற்கு, பின்னேரம் மேற்கு. சரி, வடக்குப் பக்கம் ஒதுங்குவோம் என்றால், அங்கே மாரிகாலத்து நலிந்த பனிப்படை உள்ளே கிடக்கக்கூடும். ஆகவே வெள்ளன ஏறி, மதியத்துக்கு முதல் இறங்கிவிடுங்கள்.

சுவிஸில் டாவோஸ் என்ற ஊரில் இருக்கிற பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் பின்னேரம் 5 மணிக்கு அறிக்கை விடும். ஆபத்துக்கு 5 படி. 3 என்றால் நடுவில்தானே என்று இராதே, சுவிஸில் பனிச்சரிவுச் சாவில் பாதியளவு அந்த 3இல்தான். அகப்படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, தாங்களோ கூட வந்தவர்களோ மிதித்துத்தான் பனிச்சரிவு கிளம்புகிறதாம். 30 பாகைக்கு மேல் சாய்ந்த மலைப்பக்கம்தான் பெரும்பாலும் வில்லங்கம்.

கால் முழங்கால் வரை புதைந்தால், பாறையடியிலிருந்து பனியுருண்டைகள் தானாய் உருண்டு வந்தால், காலடியில் "வும்" என்று சத்தம் கேட்டால் திரும்பு. கூட வருகிறவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், அவர்களுக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டு நடக்காதே. உன் குணம் எனக்குத் தெரியும், சின்னனிலிருந்தே நாலு பேருக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல வெட்கப்படுவாய். வெட்கத்தை பேர்ணில் வைத்துவிட்டுப் போ.

புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் நல்ல நம்பிக்கை. ஹெலி வரும்வரை காத்திருக்கேலாது, பக்கத்தில் நிற்கிறவன்தான் தோண்ட வேண்டும். புதைந்த இடத்தைக் காட்டுகிற சிக்னல் கருவி, துழாவுகிற கம்பி, சவல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கிறதா பார். பாவிக்கவும் பழகிக்கொள்.

அம்மாவுக்கு, மலை பார்க்கப் போகிறான் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அங்கத்தைய ஹெலி மீட்பு இலக்கம் 1414ஐப் போனில் பதிந்து வை. இறங்கின உடனே வாட்ஸப் போடு, எனக்கு, அவவுக்கில்லை.

அப்பா