லீஸா, லைசென்ஸா?

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள சுப்பு,

கடிதமும் பத்திர நகலும் கிடைத்தன. ஏற்காட்டில் இன்னும் ஸ்வெட்டர் போடுகிறாயாம். இங்கே மாசியிலேயே மண்டை காய்கிறது.

காபிக் கடைக்கு இடம் விடும் பத்திரத்தின் தலைப்பில் 'லைசென்ஸ்' என்று போட்டுவிட்டால், கடைக்காரரை நினைத்த நேரத்தில் கிளப்பிவிடலாம் என்று எண்ணாதே. கோர்ட் தலைப்பைப் பார்க்காது. தில்லி ஓட்டல் ஒன்றில் முடிதிருத்தும் கடைக்கு விட்ட அறைகள் பற்றிய வழக்கில், பத்திரம் லைசென்ஸ் என்றே சொல்லியும் அது லீஸ், அதாவது குத்தகைதான் என்றது சுப்ரீம் கோர்ட், 1959-ல். அறைகள் முழுக்கக் கடைக்காரர் கைவசம் இருந்தன.

லீஸில் இடத்தின் மேலேயே ஓர் உரிமை கைமாறுகிறது. லைசென்ஸ் வெறும் அனுமதி. அது இல்லாவிட்டால் உள்ளே கால் வைப்பதே அத்துமீறல். நாளைக்கே நீ இடத்தை விற்றால், லீஸ்காரர் இடத்தை வாங்கியவரிடமும் தொடர்வார். லைசென்ஸோ, இடத்தை வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது.

உன் பத்திரத்தின் நாலாவது பத்தியைப் பார். இரண்டு சாவியும் அவரிடம், 'முழு அனுபோகம்', நீ எட்டிப் பார்க்கவும் 24 மணி நேர முன்னறிவிப்பு. ஒன்பதாவதில் உள்வாடகைக்கு விடவும் அனுமதி! இது அப்பட்டமான லீஸ். அதுவும் மூன்று வருடத்துக்கு. ஓராண்டைத் தாண்டினால் சார்பதிவாளரிடம் பதிவு கட்டாயம். பதியாவிட்டால் அந்த மூன்று வருடத்தைக் காட்ட இந்தப் பத்திரம் உதவாது. மாத வாடகைக்கணக்குதான், 15 நாள் நோட்டீஸில் முடியும்.

லைசென்ஸ்தான் வேண்டுமென்றால் ஒரு சாவி நிஜமாகவே உன்னிடம் இருக்கட்டும், தாளில் மட்டும் இருந்தால் பலிக்காது. தகர ஷெட் தவிர எதுவும் கட்டக்கூடாது என்றும் எழுது. அனுமதியை நம்பிச் சொந்தச் செலவில் நிரந்தரமாகக் கட்டிவிட்டால், லைசென்ஸ் பற்றிச் சொல்லும் ஈஸ்மென்ட் சட்டம் 60-ஆம் பிரிவின்படி அந்த அனுமதியை ரத்து செய்ய முடியாது.

சில்வர் ஓக் மரத்தில் ஏறிய உன் மிளகு விஷயமும் அதே பிரிவுதான். மிளகை விற்றுக் காசு வாங்கிய பிறகு, பறிக்க வருபவரைப் பாதியில் கேட்டுக்கு வெளியே நிறுத்த முடியாது.

ஊரில் 'லீஸுக்கு வீடு' என்கிறார்களே, மொத்தத் தொகை கொடுத்து வாடகையில்லாமல் குடியிருப்பது, அது போக்கியம், அடமான வகை. அதை இதில் குழப்பாதே.

சாவி யாரிடம் என்று முடிவு செய்து எழுது, பத்திரத்தைத் திருத்தி அனுப்புகிறேன். பஸ்ஸில் யாராவது வந்தால் ஒரு படி மிளகு கொடுத்துவிடு.

அன்புடன்,
ராமு