சாப்பாட்டறை வாசல் வரை

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள பழைய வீடான கன்ஸ்டன் ஹாலைச் சுற்றிப் பார்க்க வந்த அன்று எங்களோடு நின்ற எல்லோருக்கும்,

அப்பா நேற்று வீடு திரும்பிவிட்டார். அன்று நடந்ததை மறுபடி எழுதக் கை வரவில்லை, உங்களுக்கே தெரியும். ஆம்புலன்ஸை அழைத்தவர், அப்பாவின் நெஞ்சிலிருந்து கையெடுக்காத அந்த இளைஞர், மருத்துவமனை வரை எங்கள் பின்னாலேயே வந்த தம்பதி, கண் மூடாத செவிலியர்கள், ரசம் வைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா, எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

அந்த வீட்டை எங்களுக்குச் சுற்றிக்காட்டிய வழிகாட்டி அம்மாவைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

அப்பா நாற்பது வருஷம் உளி பிடித்தவர். நடைகூடத்தின் இரட்டை வளைவுக்கு நடுவே தொங்கும் மரப் பைன்காயைப் பார்த்ததிலிருந்தே அவர் கண் கீழே இறங்கவில்லை. சாப்பாட்டறை வாசலில், “இதைச் செஞ்ச ஆள் யாருன்னு கேளும்மா” என்றார். கேட்டேன். பதில் வருவதற்குள்தான் அது நடந்தது.

நாலாம் நாள் அந்த அம்மா மருத்துவமனைக்கு வந்தார், கீழே விழுந்து கிடந்த அப்பாவின் மூக்குக்கண்ணாடியோடு. கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லையே” என்றார்.

வில்லியம் பக்லண்ட். ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்து லண்டனில் தொழில் கற்றவர். 1755-இல், 21 வயதில், வருஷத்துக்கு 20 பவுண்டு கூலிக்கு நாலு வருஷம் கட்டுப்பட்டு வர்ஜீனியாவுக்குக் கப்பலேறிய தச்சர். ஜார்ஜ் மேசனின் செங்கல் வீடான கன்ஸ்டன் ஹாலுக்கு உள்ளே சாப்பாட்டறைக்குச் சீனப் பாணி, வரவேற்பறைக்கு இத்தாலியக் கட்டடக் கலைஞர் பலாடியோவின் பாணி, தோட்டத்துப் பக்க முகப்புக்குக் கூர்முனைக் கோதிக் வளைவு என்று இழைத்தவர். செதுக்கு வேலையில் வில்லியம் பெர்னார்ட் சியர்ஸின் கையும் உண்டு. 1776-இல் வர்ஜீனிய உரிமைப் பிரகடனத்தை வரைந்த அதே மேசனிடம் அடிமைகளாக உழைத்தவர்கள் இருந்ததையும் அந்த அம்மா விடாமல் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் படம் காட்டினார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா விரலால் படத்தைத் தடவினார்.

1759-இல் ஒப்பந்தம் முடிந்தபோது, அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே பக்லண்டின் வேலையை மெச்சி மேசன் எழுதிக் கொடுத்தாராம். அதைக் கேட்டதும் அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு எந்த வீட்டுக்காரரும் அப்படி ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை. பெற்ற மகள் நானும்தான் எழுதவில்லை. ஊரில் எங்கள் வீட்டு வாசல் நிலை அவர் இழைத்தது. இந்த முறை போகும்போது அதில் அவர் பெயரைப் பொறிக்கச் சொல்லப்போகிறேன்.

அம்மா, டாக்டர் நடக்கலாம் என்றதும் வருகிறோம். சாப்பாட்டறையிலிருந்து தொடங்கலாம். பழைய கண்ணாடியைத்தான் போட்டுக்கொண்டு வருவேன் என்கிறார் அப்பா.