யூரியா வாங்காத பணம்

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

உரம் வாங்க நீ அனுப்பின பணத்தில் இன்னும் ஒரு மூட்டை யூரியாகூட வாங்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. ஆடி பிறந்ததும் 40 கிலோ தக்கைப்பூண்டு விதை வாங்கி இரண்டு ஏக்கரிலும் தெளித்துவிட்டேன். வளர்ந்ததும் வயலிலேயே மடக்கி உழுதால் உரமாகிற செடி அது. வீடியோவில் பார்த்து "ஏம்மா வயலெல்லாம் களையா இருக்கு?" என்று கேட்டாயே, அதுதான் இது.

நேற்று ஒரு செடியை மண்ணோடு பிடுங்கி வாய்க்காலில் அலசிப் பார்த்தேன். வேரெல்லாம் கேழ்வரகு மணி போல முடிச்சு. நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் முடிச்சுக்குள் இருக்கிற பாக்டீரியா வேலை செய்கிறது, காற்றிலிருக்கும் நைட்ரஜனை, அதாவது தழைச்சத்தை, பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது என்று அர்த்தம். உள்ளே வெளுத்திருந்தால் பிரயோஜனமில்லை. நம்முடையதில் பத்துக்கு எட்டு சிவப்பு. களர் விழுந்த அந்த மேலண்டைத் துண்டில்கூட இடுப்பளவு நிற்கிறது. ஆடு வாய் வைக்காமல் காவல் காப்பதுதான் பெரும்பாடு. தாத்தா காலத்தில் இதே மாதிரி உரத்துக்கு விதைத்த கொழிஞ்சியில் இந்தத் தொல்லை இல்லை, ஆடு மாடு தொடாது.

போன வருஷம் நான் செய்த தப்பு உனக்குத் தெரியாது. டிராக்டர் கிடைக்காமல் செடிக்கு 60 நாள் தாண்டிவிட்டது. தண்டெல்லாம் குச்சியாகிப் போச்சு. மடக்கி உழுது தண்ணீர் கட்டியும் மட்கவில்லை. நடவுக்கு வந்தவர்களுக்குக் காலெல்லாம் குத்தல். "அக்கா, நாத்து நடச் சொன்னீங்களா, விறகு பொறுக்கச் சொன்னீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முற்றின தண்டு மட்கும்போது மண்ணிலிருக்கிற தழைச்சத்தையும் தானே இழுத்துக்கொள்ளும். பயிர் வெளிறிப்போய், கடைசியில் யூரியாதான் போட்டேன்.

இந்தத் தடவை 45-ஆம் நாள். இப்போதுதான் பூ எட்டிப் பார்க்கிறது, தண்டை ஒடித்தால் பட்டென்று முறிகிறது. நாளை மறுநாள் டிராக்டர் வருகிறது, முன்பணமும் கொடுத்தாயிற்று. உழுது ஒரு வாரம் வயலில் தண்ணீர் தேக்கி அழுகவிட்டு, அப்புறம் நடவு.

யூரியாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மூட்டையில் இருப்பது 45 கிலோ, அதில் தழைச்சத்து 20 கிலோ சொச்சம். நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்கு அந்த அளவாவது கொடுத்துவிடும். மீதிக்குப் பயிரின் நிறத்தைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம். அதற்கு அந்த இலை வண்ண அட்டை வேண்டும். உன் பழைய புத்தகப் பெட்டியில்தான் வைத்த ஞாபகம். எந்தப் பெட்டி என்று போனில் சொல்.

அன்புடன்,
அம்மா