கணித மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, இவ்வறிக்கையை அஞ்சலில் பெறப்போகும் வராத உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் 22 தேசிய கணித நாள் வழக்கம்போல் கொண்டாடப்பட்டது. மழையால் தள்ளிப்போன மாணவர் வினாடி வினா பின்னர் நடந்தது.

எண் விளக்கப் பலகையைப் பற்றிச் சிலர் வெளியில் பேசிவருவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இராமானுஜன் 1915-இல் வெளியிட்ட கட்டுரையில், தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்களை 6746328388800 வரை பட்டியலிட்டார். அதில் இடம்பெற வேண்டிய 293318625600 விடுபட்டுவிட்டது. அதைத்தான் நான் பலகைக்கு எடுத்துக்கொண்டேன்.

இதன் பகாக் காரணிகளில் 2-இன் அடுக்கு 6, 3-இன் அடுக்கு 4, 5-க்கும் 7-க்கும் அடுக்கு 2. 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒரு முறை. அடுக்கு ஒவ்வொன்றுடனும் 1 கூட்டிப் பெருக்கினால் மொத்தம் 5040 காரணிகள். அந்த 5040-உம் இதே பட்டியலில் உள்ள எண்தான்! நம் பலகை எண் 1 முதல் 22 வரை எதனாலும் மீதியின்றி வகுபடும், 23-ஆல் வகுபடாது. ஆனால் 23-ஆல் பெருக்கிப் பாருங்கள், இராமானுஜன் பட்டியலின் கடைசி எண் வந்து நிற்கும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதைக் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினாள். கைதட்டியவர்கள் பிள்ளைகளே. உறுப்பினர் நாற்காலிகள் காலியாக இருந்தன. வடை மட்டும் எல்லோருக்கும் சேர்த்து வாங்கப்பட்டிருந்தது.

“இராமானுஜனிடமே குறை காண்பதா?” என்று மூத்த உறுப்பினர் இருவர் செயற்குழுவிலிருந்து எழுந்து போனார்கள். கையால் போட்ட கணக்கில் ஓர் எண் விடுபட்டதைச் சொல்வதால் அவர் புகழ் குறையாது. பட்டியலைக் கடைசி வரை படித்தவர்களோடு வாதாட நான் எப்போதும் தயார். “கணினி நொடியில் சொல்லிவிடுமே” என்றார் இன்னொருவர். சொல்லும்தான், யாராவது கேட்டால்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். கொஞ்சம் துண்டு விழுந்திருக்கிறது. சந்தா பாக்கியே காரணம் என்பதற்கு மேல் நான் விளக்க விரும்பவில்லை. இராமானுஜனின் அந்தக் கட்டுரையும் முழுதாக அச்சேறவில்லை. லண்டன் கணிதக் கழகத்துக்கு அப்போது பணமுடை. செலவைக் குறைக்க ஒரு பகுதி நிறுத்தப்பட்டது. அது 1997-இல்தான் அவர் பெயர் தாங்கிய ஆய்விதழில் வெளிவந்தது. நம் பலகையும் 5040 காரணிகளில் சிறிய 2520-உடன் நிற்கிறது. மறுபாதியை, எண்ணை அவற்றால் வகுத்துக் கண்டுகொள்ளலாம் என்று பொருளாளர் ஆறுதல் சொன்னார். கணக்குப்படி அது சரிதான்.

கூடம் தந்தவர்களுக்கும் நாற்காலி போட்ட மாணவர்களுக்கும் தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் முழுப் பட்டியலையும் சிறு நூலாக அச்சிட எண்ணம். அச்சகத்தார் முன்பணம் கேட்கிறார்கள். செயலாளர் பொறுப்பை ஏற்க யார் முன்வந்தாலும் மகிழ்ச்சியோடு விலகிக்கொள்வேன், நூல் வெளிவந்த பிறகு. பாக்கி வைத்திருப்போரின் பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை. பதிவேடும் ரசீதுப் புத்தகமும் பொருளாளர் மேசையில் இருக்கின்றன. தேநீருக்கு அந்த வழியாகத்தான் போகவேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்